வெறும் பெட்டியாக வந்த செயலி: ஆன்கியோடு மூன்று வருடம்

ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலியை மூன்று வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இன்று காலை நிலவரப்படி அதில் 2,640 அட்டைகள் இருக்கின்றன. எல்லாம் நானே எழுதியவை. இந்த எண்ணை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே செயலியில் இதற்கு முன்பு வேறு யாரோ எழுதிய 4,000 சொச்சம் அட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் மாங்கு மாங்கென்று படித்தேன். அந்த இரண்டு மாதமும் வீணாகப் போனது. செயலி அதேதான், படித்தவளும் நான்தான், தினமும் செலவழித்த நேரமும் கிட்டத்தட்ட அதேதான். பலன் மட்டும் வேறாக இருந்தது. அது ஏன் என்று மூன்று வருடமாக யோசித்ததை எழுதுகிறேன்.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 11 வருடம் உதவியாளராக இருந்தவள். சாம்பிள் எடுப்பது, லேபிள் ஒட்டுவது, சென்ட்ரிஃபியூஜில் வைத்து எடுப்பது, ட்யூப்களை அடுக்கி டெக்னீஷியன் மேசைக்கு அனுப்புவது. 41 வயதில் நானும் டெக்னீஷியன் ஆகவேண்டும் என்று பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தேன். முதல் வருடத் தேர்வில் இரண்டு தாள் போய்விட்டது. உழைக்காமல் போகவில்லை. இரவு வேலை முடிந்து வந்து, குளித்து, இரண்டு மணி நேரம் நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் கோடு போட்டிருக்கிறேன். தேர்வு அறையில் உட்கார்ந்தபோது பச்சைக் கோடு பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கோட்டுக்குள் இருந்த வார்த்தை வரவில்லை.

பிறகுதான் 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை பற்றிப் படித்தேன். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது, 83 சதவீதம். மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். நினைவிலிருந்து எழுதியவர்கள் 61-இல் நின்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. என் இரண்டு மணி நேரமும் அந்த ஐந்து நிமிடத்துக்கான உழைப்பாகவே போயிருக்கிறது.

ஆன்கி இந்த நினைவிலிருந்து எடுக்கும் வேலையைத்தான் தினமும் செய்யவைக்கிறது. அட்டையின் முன்பக்கம் கேள்வி. யோசித்துவிட்டுத் திரையைத் தொட்டால் பின்பக்கம் பதில். கீழே நான்கு பொத்தான்கள். மறுபடி, கடினம், சரி, எளிது என்று நான் சொல்லிக்கொள்வேன். எதைத் தொடுகிறோமோ அதைப் பொறுத்து அந்த அட்டை பத்து நிமிடத்தில் திரும்பி வரும், அல்லது நாளைக்கு, அடுத்த வாரம், நான்கு மாதம் கழித்து வரும். மறக்கப்போகும் சமயம் பார்த்துக் கேட்பதுதான் இதன் சூட்சுமம். 1885-இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழிந்தாலே மிச்சம் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார். நூறு வருடம் கழித்து, 1985-இல் பியோட்டர் வோஸ்னியாக் என்ற போலந்து மாணவர் தன் படிப்புக்காகக் காகிதத்தில் இடைவெளிகளைக் குறித்துப் பார்க்கத் தொடங்கினார். 1987-இல் அதையே கணினி நிரலாக்கினார். முதல் தடவை ஒரு நாள், அடுத்து ஆறு நாள், பிறகு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்பது அவருடைய கணக்கு. 2006-இல் வெளிவந்த ஆன்கி பல வருடம் அந்தக் கணக்கை ஒட்டியே ஓடியது. 2023-இலிருந்து எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கும் உள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரும் செய்யச் சொல்லாமல் தன் மறதியைத் தானே உட்கார்ந்து அளந்தவர்கள்.

இனி அந்த வீணான இரண்டு மாதம். செயலியை நிறுவியதும் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பெட்டி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தேடிப் பார்த்ததில் என் பாடத்துக்கு யாரோ செய்து பகிர்ந்திருந்த பெரிய கட்டு ஒன்று கிடைத்தது. இறக்கினேன். செயலி தானாக வைத்திருக்கும் அளவு நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள். அப்படியே விட்டேன். முதல் வாரம் சுகமாகப் போனது. மூன்றாவது வாரம் பழைய அட்டைகள் தினமும் 200 வந்து நின்றன. விடாமல் முடித்தேன். ஆனால் வேடிக்கை என்னவென்றால், கேள்வியைப் படிக்காமலேயே பதில் சொல்லப் பழகிவிட்டேன். இரண்டு வரிக் கேள்வி, நடுவில் அடைப்புக்குறி இருந்தால் பதில் 'ஹெப்பாரின்'. அட்டையின் உருவம் ஞாபகம் இருந்தது, விஷயம் இல்லை. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது 600 அட்டைகள் காத்திருந்தன. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எங்கள் கூடத்தில் ஓய்வுபெறும் நிலையில் ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். ஓர் இரவு நான் மறுபடி அந்த அட்டைகளோடு போராடுவதைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கேள்வியெல்லாம் யாரோடது?"

"செயலியில வருது சார்."

"சரி. உனக்குன்னு கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது. 11 வருடமாக ஒரே வரிசையில் ட்யூப் நிரப்புகிறேன். கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் முதலில், பிறகு நீல மூடி, பிறகு சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுக்கும் சிவப்போ மஞ்சளோ, பச்சை, லேவண்டர், கடைசியில் சாம்பல். கையைக் கட்டிவிட்டாலும் வாய் சொல்லும். ஆனால் ஏன் அந்த வரிசை? எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர்கள் வரிசையைச் சொன்னார்கள், நான் வரிசையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அத்தனை வருடம் மாடாக உழைத்தும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றாமல் இருந்திருக்கிறது.

அன்று விடியற்காலை என் முதல் அட்டையை எழுதினேன். 'லேவண்டர் ட்யூபுக்கு அப்புறம் சீரம் ட்யூப் எடுத்தால் என்ன கெடும்?' பதிலைப் புத்தகத்தில் தேடி என் வார்த்தையில் எழுதினேன். லேவண்டரில் இருப்பது இரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. ஊசி வழியாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போனாலும் சீரத்தில் பொட்டாசியம் ஏறித் தெரியும், ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் இறங்கித் தெரியும். இரண்டாவது அட்டை நீல மூடி. அதில் உறைவதைத் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு இருக்கவேண்டும். குறைவாக நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சிப் போய் உறையும் நேரம் நீண்டு காட்டும். 'கோடு வரை நிரப்பு, கோடு வரை நிரப்பு' என்று என்னை ஆயிரம் தடவை அதட்டியிருக்கிறார்கள். கோடு எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது, சாம்பல் மூடியில் ஃபுளோரைடு ஏன்? எடுத்த பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அதை நிறுத்துவதற்கு. அன்று மூன்று அட்டைகள்தான். இறக்கிய கட்டில் இரண்டு மாதத்தில் பார்த்த ஆயிரத்தைவிட அந்த மூன்றும் எனக்குக் கனமாகத் தெரிந்தன. இறக்கிய கட்டை மறுநாளே அழித்தேன்.

இதற்கும் ஒரு பழைய ஆய்வு உண்டு. ஒரு சொல்லைப் படிப்பதைவிட, குறிப்பை வைத்துத் தானே உருவாக்கிச் சொன்னால் நன்றாக நினைவில் நிற்கிறது என்று ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இருவர் 1978-இல் காட்டினார்கள். என் அனுபவம் அதைவிடக் கொஞ்சம் அகலமானது. அட்டை எழுத உட்காரும்போதுதான் எனக்கு எது தெரியாது என்பதே தெரிந்தது. கேள்வியைச் சரியாக எழுத முடியவில்லை என்றால் விஷயம் பிடிபடவில்லை என்று அர்த்தம். மறுநாள் யாரிடமாவது போய்க் கேட்டே ஆகவேண்டும். வாயே திறக்காத நான் இப்படித்தான் கேட்கப் பழகினேன்.

தினமும் பத்து அட்டைக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பழைய அட்டைகளைப் பார்ப்பது காலையில் 25 நிமிடம், புதியவற்றை எழுதுவது இரவு வேலையின் நடுவில் சாம்பிள் வரத்துக் குறையும் அரை மணி நேரம். மூன்று வருடத்தில் விட்டுப்போன நாட்கள் 19. செயலியே கணக்கு வைத்திருக்கிறது. ஒருமுறை 312 அட்டைகள் சேர்ந்துவிட்டன. இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை. புதிய அட்டைகளை நிறுத்திவிட்டு, நாளுக்கு 60 என்று ஆறு நாளில் கரைத்தேன். என் கேள்விகள் என்பதால் ஒவ்வொன்றும் எங்கே, எந்தச் சாம்பிளைப் பார்த்தபோது எழுதியது என்று தெரியும். அந்நியரின் 600-க்கும் என் 312-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே போதுமானதாகவும் இருந்தது.

ஒரு சின்ன விஷயம். எட்டு தடவை தவறிய அட்டையை என் ஆன்கி தானாக நிறுத்தி வைத்துவிடும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'லீச்', அதாவது இரத்தம் உறிஞ்சும் அட்டை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. என்னுடைய முதல் லீச், 'இரத்தம் உறைவதற்கான காரணிகள் எல்லாவற்றையும் சொல்' என்ற அட்டை. எட்டு தடவையும் எங்காவது ஒன்று விட்டுப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாவது தடவை முயன்றிருப்பேன், செயலி விடவில்லை. யோசித்தபோது தவறு என் மூளையில் இல்லை, அட்டையில் என்று புரிந்தது. அதை உடைத்தேன். நான்காம் காரணி எது? கால்சியம். பதின்மூன்று வரை போகும் எண்களில் எந்த எண்ணுக்கு இப்போது காரணியே இல்லை? ஆறு. பி.டி. என்ற இரத்த உறைவு நேரச் சோதனையில் மட்டும் நேரம் நீண்டால் முதலில் எதைச் சந்தேகிக்கலாம்? ஏழு. இப்படி 14 சின்ன அட்டைகள். ஒன்றும் லீச் ஆகவில்லை. பாறையில் முட்டிக்கொண்டே இருப்பதும் உழைப்பு மாதிரிதான் தெரியும். எந்தப் பக்கம் உடையும் என்று நின்று பார்ப்பதற்கு வேறு மாதிரித் துணிச்சல் வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். தோற்றம் அழகில்லை. அமைப்புகளின் பக்கத்தைத் திறந்தால் விமானி அறை மாதிரி இருக்கும். முதல் ஆறு மாதம் எதையும் தொடாதீர்கள். புதிய அட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் 20-இலிருந்து எட்டு, பத்து என்று குறையுங்கள். கணினியிலும் கைபேசியிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் முடித்தவுடன் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்தும் பழக்கம் வேண்டும். நான் அழுத்தாமல் இருந்து, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று அது கேட்டபோது அவசரத்தில் தவறானதைத் தேர்ந்து, நான்கு நாள் வேலையை இழந்தேன். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்டவேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. அதைச் செயலியின் தலையில் கட்ட முடியாது. நம்மை நாமே ஏமாற்றுவதை இது கண்டுபிடிக்காது. பாதி ஞாபகம் வந்த பதிலுக்கு 'சரி' தொட்டால் நம்பிவிடும். களைப்பான நாளில் நானும் தொட்டிருக்கிறேன். தொடர்ந்து இத்தனை நாள் என்ற எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே பொத்தான்களைத் தட்டிய காலைகளும் உண்டு. அந்த அட்டைகள் அடுத்த மாதம் வந்து முகத்தைப் பார்க்கும்.

இது எங்கே கைகொடுத்தது என்று கேட்டால், தேர்வில் என்று சொல்லலாம். தவறிப்போன இரண்டு தாளும் அடுத்த முறை தேறின. ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு இரவு. அப்போதும் நான் உதவியாளர்தான். ஒரு நோயாளியின் பொட்டாசியம் 9.1 என்று வந்தது. அது இதயத்தை நிறுத்தக்கூடிய அளவு. வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல டெக்னீஷியன் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் திரையை எட்டிப் பார்த்தேன். கால்சியம் 4.2 என்று இருந்தது, வழக்கமாக 8.5-க்கு மேல் இருக்கவேண்டியது. சீரத்தைப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. அணுக்கள் உடைந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் சிவப்பேறியிருக்கும், கால்சியமும் இப்படி இறங்காது. என் முதல் அட்டை கண் முன்னால் வந்து நின்றது.

"சார், ஒரு நிமிஷம். இதுல லேவண்டர் கலந்திருக்குமோ?"

சொல்லும்போது குரல் நடுங்கியது. ட்யூப் அடுக்குகிறவள் ரிசல்ட்டைப் பற்றிப் பேசுவது வழக்கமில்லை. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வார்டுக்குச் சந்தேகத்தைச் சொல்லி உடனே புதுச் சாம்பிள் கேட்டார். வந்தது, பொட்டாசியம் 4.3, இயல்பான அளவு. சீரம் ட்யூபில் இரத்தம் போதவில்லை என்று யாரோ லேவண்டரிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். அந்த 9.1-ஐ நம்பியிருந்தால் தேவையில்லாத மருந்து அந்த உடம்பில் ஏறியிருக்கும். அந்தப் பதிலை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது செயலி. வாயைத் திறந்தது, முதல் நாள் அந்தக் கேள்வியை எழுதியதிலிருந்து வளர்ந்த பழக்கம்.

ஆன்கி கையைப் பழக்காது என்பதையும் சொல்லவேண்டும். நரம்பு தேடுவதும், அழும் குழந்தையிடம் ஊசி போடுவதும், ஸ்லைடில் சரியான தடிமனில் இரத்தத்தை இழுப்பதும் நூற்றுக்கணக்கான முறை செய்துதான் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கும் பொருந்தும். இன்னொன்று. உழைத்தவர்கள் எல்லோரும் தேறுவார்கள், தேறாதவர்கள் உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என்னோடு சேர்ந்த ஒரு பெண் என்னைவிட அதிகம் படித்தாள். அவள் அம்மா படுத்த படுக்கையானதில் தேர்வுக்கே உட்கார முடியவில்லை. எனக்கு இரவில் அந்த அரை மணி நேர அமைதி கிடைத்தது, வீட்டில் காலை வேலையை ஏற்றுக்கொள்ள ஆள் இருந்தார்கள். 2014-இல் மக்னமாரா என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆட்களுக்கிடையே உள்ள திறமை வித்தியாசத்தில் திட்டமிட்ட பயிற்சி விளக்கும் பங்கு பலகை விளையாட்டுகளில் கால்பங்கு போல, இசையிலும் உடல் விளையாட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு போல, கல்வியில் நான்கைந்து சதவீதம் என்றுதான் வந்தது. இதைப் படித்து நான் சோர்ந்துபோகவில்லை. என் கையில் இருக்கும் பங்கு சின்னது என்றால், அதைச் சரியான இடத்தில் போடவேண்டும் என்றுதான் தோன்றியது. மூன்று நிறக் கோடு போட்ட வருடத்தில் அதைத் தவறான இடத்தில் போட்டேன்.

யாருக்கு இதைச் சொல்வேன்? நிறைய விஷயங்களை நீண்ட காலம் தலையில் வைத்திருக்க வேண்டியவர்களுக்கு. மொழி கற்பவர்கள், மருத்துவம் சார்ந்த படிப்பு, சட்டம், இன்னும் எத்தனையோ. அடுத்த வாரத் தேர்வுக்கு இன்று நிறுவாதீர்கள், பழைய அட்டைகள் திரும்பி வருவதற்கே நேரம் இருக்காது. தயார் செய்த கட்டுகள் எல்லோருக்கும் வீண் என்று சொல்லமாட்டேன், சிலர் அதை வைத்தே தேறியிருக்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெண் கேட்டாள். "அக்கா, உங்க அட்டையெல்லாம் எனக்கு அனுப்பி விடுங்களேன்."

இரண்டு நிமிட வேலைதான். முகம் வாடியது தெரிந்தும் மாட்டேன் என்றேன். பதிலாக, வேலை முடிந்து அவளோடு உட்கார்ந்தேன். செயலியை நிறுவிக்கொடுத்து, வெறும் கட்டு ஒன்றைத் திறந்து, புதிய எண்ணிக்கையை ஐந்து என்று மாற்றினேன். இன்று ட்யூப் எடுக்கும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"லேவண்டரை எட்டுப் பத்துத் தடவை மெதுவா சாய்க்கணும்னு சொன்னாங்க. நீலத்துக்கு மூணு நாலு தடவைதான்னாங்க. ஏன்க்கா ரெண்டுக்கும் வேற வேற?"

"அதையே எழுது."

எழுதினாள். பதில் பக்கம் காலியாக இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்குக் கேட்டு எழுதறேன்" என்று சேமித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.